மிக்கேல் விட்டுக்கொடுத்த சீட்டு

கல்லூரி சைக்கிள் ஷெட்டில் ஒரு கரும்பலகை சாய்த்து வைத்திருக்கிறார்கள். கூரை ஒழுகும் இடத்தில் சாரல் தடுக்க. மற்றபடி அதற்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டேன்.

இப்போது அட்மிஷன் எல்லாம் போனில் முடிந்துவிடுகிறது. சீட்டுக் கிடைத்ததா இல்லையா என்று பிள்ளை வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சண்டையையும் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஆபீசில் இரண்டு இளம் பேராசிரியர்கள் வாக்குவாதத்தில் இருந்தார்கள். மார்க்கை மட்டும் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். மார்க் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா என்றார் மற்றவர். இரண்டு பேரின் டீயும் ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவர், "பாய், நீங்க எத்தன வருசம் அட்மிஷன் ஹால்ல நின்னவரு. நீங்க சொல்லுங்க" என்றார்.

"எனக்கு ஒரு மிக்கேலைத் தெரியும்" என்றேன்.

சிரித்தார்கள். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பேசச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் படித்தது எட்டாவது. அண்ணன்மார் இரண்டு பேரும் சவுதிக்குப் போனார்கள். நானும் போக இருந்தேன். பாஸ்போர்ட் வருவதற்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து கார்டு வந்துவிட்டது. கல்லூரியில் அலுவலக உதவியாளர் வேலை. இனச்சுழற்சியில் அந்த முறை பிற்படுத்தப்பட்டோருக்கு விழுந்திருந்தது. வந்தவர்களில் பதிவில் மூத்தவன் நான். எடுத்துக்கொண்டார்கள். அண்ணன்மார் வீடு மாடி, என் வீடு ஓடு. குறை ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில் இருக்க ஆள் இல்லை.

சர்வீஸ் முழுக்க என்னைக் கோட்டாவில் வந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. மணி அடிக்க, தண்ணீர் எடுத்து வைக்க வருகிறவனை அப்படிக் கேட்பதில்லை. நாற்காலிக்கு வருகிறவர்களைத்தான் கேட்கிறார்கள்.

வேலை பழக ஒரு வாரம் போதுமாக இருந்தது. மணி, தபால், டீ, சாவிக்கொத்து. அட்மிஷன் ஹால் மட்டும் பழக வருடங்கள் ஆனது.

ஹாலில் என் வேலை இது. தரவரிசைப் பட்டியலை முதல் நாளே வாசலில் ஒட்ட வேண்டும். மறுநாள் காலை வரிசைப்படி பேர் கூப்பிட வேண்டும். மைக் கிடையாது. கடற்கரைக்காரர்கள் தூரத்துக் குரலைக் கேட்டுப் பழகியவர்கள், அதனால் தேவைப்படவும் இல்லை. உள்ளே அந்தக் கரும்பலகை. மேலிருந்து கீழாகப் பாடங்கள். குறுக்கே பிரிவுகள்: பொது, பி.சி., முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி. என்று வரிசையாக. ஒவ்வொரு கட்டத்திலும் மீதி உள்ள சீட்டு எத்தனை என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். ஒரு பிள்ளை சேர்ந்தால் நான் அந்த எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுதுவேன்.

சட்டம் எளிது. வரிசையில் வருகிற பிள்ளைக்கு முதலில் பொதுவில் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது. எந்த ஜாதியாக இருந்தாலும் சரி. பொது தீர்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் சொந்தப் பிரிவு. இவ்வளவுதான். ஆனால் ஹாலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், பொது என்றால் அது மேல்ஜாதிக்கு ஒதுக்கியது என்று நினைத்திருந்தார்கள். மேலே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கீழே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்கள் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

பல முதல்வர்களிடம் வேலை பார்த்தேன். ஹாலை ஹாலாக வைத்திருந்தவர் ஒரு அம்மா. குரல் உயர்த்த மாட்டார். எதையும் ஒரு முறைதான் சொல்வார். அவர் மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போடச் சொன்னார். அது பிள்ளைக்கு. கூட வந்தது அப்பாவோ, தாய்மாமனோ, யாரானாலும் பின்னால் நிற்க வேண்டும். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். எந்தப் பாடம் என்று கேட்பார். பிறகு, "ஏன் அது?" என்று கேட்பார். பதில் எதுவானாலும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார்.

ஒரு முறை பஞ்சாயத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் மச்சினன் மகனோடு வந்தார். வந்த வேகத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையன் நின்றான். அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம், "உங்களுக்கு எந்தப் பாடம் வேணும்?" என்று கேட்டார். "பன்னெண்டாவது மார்க் ஷீட் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் எழுந்துவிட்டார். பையனுக்குத் தகுதிப்படி கணிதம் கிடைத்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இனி மிக்கேல். மிக்கேல், இன்னாசி என்பதெல்லாம் நான் வைத்த பேர். அந்தக் கரையில் தெருவுக்கு நாலு மிக்கேல் உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மிக்கேல் அங்கே நாட்டுப்படகு வைத்து நண்டு வலை போடுகிறவர். அதே ஊர் இன்னாசி விசைப்படகில் போகிறவர். ஒரு நாள் இன்னாசியின் படகு, மிக்கேல் கடலில் விட்டிருந்த வலையை வாரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. தெரியாமல் நடந்தது என்றார் இன்னாசி. தெரிந்தே என்றார் மிக்கேல். பங்குச் சாமியார் நடுவில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். இன்னாசி கிழிந்த வலையைக் கொண்டுவந்து போட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டார்கள். கோயில் திருவிழாவில் தேருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வயதில் ஒரு மகள். மிக்கேல் மகள் ஷீபா. இன்னாசி மகள் டெல்மா. இரண்டு பேரும் ஒரே வருடம் எங்கள் கல்லூரிக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு பேரும் கேட்டது வேதியியல்.

முதல் சுற்றில் பொதுவும் இவர்கள் பிரிவான எம்.பி.சி.யும் இவர்கள் பேர் வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டன. பிறகு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இன்ஜினியரிங் கிடைத்து விலகினார்கள். இரண்டாம் சுற்று வைத்தோம். வேதியியலுக்கு அதுதான் கடைசிச் சுற்று. பலகையில் வேதியியலுக்கு நேரே நான் எழுதியது: பொது 1, எம்.பி.சி. 1. மற்றக் கட்டமெல்லாம் பூஜ்யம்.

முதல் பேர் ஷீபா. கூப்பிட்டேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மிக்கேல் பின்னால் நின்றார். வெள்ளை வேட்டி, சட்டையில் மடிப்பு விரியவில்லை, புதுசு. ஜன்னலுக்கு வெளியே இன்னாசி நின்றுகொண்டிருந்தார். அவரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் வேதியியல் என்று அம்மா கேட்டார். அவள் அம்மா நண்டுக் கம்பெனியில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிறாளாம். அங்கே கண்ணாடி அறைக்குள் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அந்தச் சதையைச் சோதித்துப் பார்க்கிறாளாம். "அந்த ரூமுக்குள்ள போகணும் மேடம்" என்றாள் ஷீபா. "இல்லாட்டி அம்மாகூட வெளிய ஒக்காரணும்."

அம்மா தலையாட்டினார். "பொதுவில் ஒரு சீட்டு இருக்கு. உனக்குத்தான்" என்று எழுதப் போனார்.

மிக்கேல் முன்னால் வந்து, "அது வேண்டாம்மா" என்றார். "எங்களுக்கு எம்.பி.சி. இருக்குல்ல. அங்கன போர்டுல போட்ருக்குன்னு வாசல்ல சொன்னாக. எங்க சீட்டு அதுதான். அதைக் குடுங்க."

ஆபீஸ் சூப்பிரண்டு பக்கத்தில் இருந்தார். உதவித்தொகை போய்விடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, உதவித்தொகை சாதிச் சான்றிதழுக்குத்தான், எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும் வரும் என்று விளக்கினார். மிக்கேல் கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்றார். பொது என்பது எல்லாருக்கும் பொது என்று சூப்பிரண்டு மறுபடி விளக்கினார். மிக்கேல் அதையும் கேட்டுக்கொண்டார். "அது பெரியாளுக சீட்டு சார். நமக்கெதுக்கு?" என்றார். சூப்பிரண்டு மூன்றாம் முறை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆரம்பித்தார்.

அப்போதுதான் மிக்கேல் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இன்னாசி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"சார், எனக்கு எல்லாம் வெளங்குது" என்றார் மிக்கேல். "எம் மக அந்தப் பக்கம் போயிட்டா, இந்த எம்.பி.சி. சீட்டுல அந்தா நிக்கிறான்ல, அவன் மக வந்து ஒக்காருவா. அதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது நீங்க எடுக்கிறதும் இல்ல, நான் குடுக்கிறதும் இல்ல. வரிசைப்படி ஷீபாவுக்குப் பொதுச் சீட்டு. வேணும்னா சேரலாம். வேண்டாம்னா போகலாம்" என்றார். ஒரு முறைதான் சொன்னார்.

"அப்ப வேண்டாம்" என்றார் மிக்கேல். "எந்திரி ஷீபா."

ஷீபா எழுந்திருக்கவில்லை.

"எந்திரின்னேன்ல."

நான் சாக்பீஸோடு பலகைப் பக்கம் நின்றேன். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அவர் பின்னால் நின்றார்.

"அய்யா" என்றாள், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல். "பொதுன்னா யாரும் ஒக்காரலாம். நான் எந்திரிச்சா லிஸ்ட்ல அடுத்த பேரைக் கூப்புடுவாக. அடுத்த பேரு டெல்மா. வாசல்ல ஒட்டிருக்கு, நான் படிச்சேன். அவ வந்து பொதுவுல ஒக்காருவா. நான் வீட்டுக்கு வாரேன்."

மிக்கேலுக்கு இது புதுச் செய்தி. எம்.பி.சி. சீட்டை அடைத்துவிட்டால் இன்னாசி மகளுக்கு வழி அடைபட்டுவிடும் என்று நினைத்திருந்தார். பொதுவில் தன் மகள் உட்காரலாம் என்பதிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. இன்னாசி மகளும் உட்காரலாம் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

அம்மாவிடம் கேட்டார். "அப்ப இன்னாசி மக பெரியாளுக சீட்டுல போவாளாக்கும்?"

"போவா."

"எம் மக?"

"நீங்கதான் எந்திரிக்கச் சொல்றீங்க."

மிக்கேல் ஜன்னலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஒக்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் கையைத் தளர்த்தினாள். நான் பொதுவில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.

அடுத்து டெல்மா. எம்.பி.சி.யில் சேர்ந்தாள். இன்னாசி பின்னால் நின்றார். அங்கேயும் பூஜ்யம் போட்டேன். வேதியியல் முடிந்தது.

வராந்தாவில் மிக்கேல் காத்துக்கொண்டிருந்தார். இன்னாசி வெளியே வந்ததும், வருடக்கணக்கில் பேசாதவர் பேசினார்.

"எங்க பங்கு சீட்ட ஒம் மகளுக்கு விட்டுக் குடுத்திருக்கேன். நல்லாப் படிக்கச் சொல்லு."

"நீ விட்டுக் குடுத்த லட்சணம் தெரியாதாக்கும்?" என்றார் இன்னாசி. "எந்திரி எந்திரின்னு நீ கத்துனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு. மார்க்கு எம் மக எடுத்தது."

"எடுத்தா எடுத்துட்டுப் போறா. சீட்டு நான் விட்டது."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பஸ்ஸில் போனார்கள். பிள்ளைகள் இரண்டும் அவரவர் அப்பாவின் பின்னால் போனதுகள்.

அன்றைக்கு அது மட்டும் இல்லை. பட்டியலில் மூன்றாவது பேர் ஒரு பையன். டவுனில் இருந்து அவன் அப்பா காரில் கூட்டி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான ஆள். வேதியியல் இல்லை என்றதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவங்களுக்குத்தான் தனியா ஒதுக்கியிருக்கே. அப்புறம் எங்க சீட்டுல ஏன் வந்து உட்காரணும்?" என்று கேட்டார்.

மிக்கேல் பஸ் ஏறிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இருந்திருந்தால் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வைத்திருப்பேன். அந்தப் பெரியாளுக சீட்டைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து. நான் சட்டத்தைச் சொன்னேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் சூப்பிரண்டைக் கேட்டார். சூப்பிரண்டு அன்று நான்காம் முறையாக விளக்கினார். பையனுக்கு இயற்பியல் கிடைத்தது.

வகுப்பு தொடங்கி ஒரு மாதத்தில் யாரோ ஒரு பையன் ஷீபாவிடம், நீயெல்லாம் கோட்டாதானே என்று கேட்டிருக்கிறான். அவனே பி.சி. சீட்டில் வந்தவன். மார்க் அவளைவிடக் குறைவு. அந்த எண்ணை அழித்தவன் நான், எனக்குத் தெரியும். ஷீபா அழுதாளா என்று தெரியாது. டெல்மா சிரித்தாளாம். "ஏலே, கோட்டா நானு. அவ பெரியாளு" என்றாளாம். அதிலிருந்து வகுப்பில் ஷீபாவுக்குப் பெரியாளு என்று பேர். இரண்டு பேரும் மூன்று வருடமும் ஒன்றாகவே பஸ்ஸில் வந்து போனார்கள். ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் ஒருத்தி முன்பக்கமும் ஒருத்தி பின்பக்கமும் மாறி உட்கார்ந்துகொள்வார்களாம். அப்பாமார் பார்த்துவிடாமல் இருக்க.

ஷீபா அந்தக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள். அதே கம்பெனி. டெல்மா பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

சில வருடம் கழிந்தது. அம்மா ஓய்வு பெறும் வருடம். இரண்டாம் சுற்றில் மிக்கேல் மறுபடி ஹாலில் வந்து நின்றார். இந்த முறை மகன். ஜெரின். மார்க் சுமார். கேட்டது வரலாறு. பலகையில் எம்.பி.சி. பூஜ்யம். பொது எப்போதோ பூஜ்யம்.

ஜெரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மா சீட்டு இல்லை என்றார். மிக்கேல் பலகையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "பாய், அம்மாட்ட ஞாவகப்படுத்துங்க."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா.

"அப்ப நாங்க விட்டுக் குடுத்தோம்லம்மா ஒரு சீட்டு? அதை இப்பத் திருப்பிக் குடுத்துட்டா சரியாப் போயிரும்."

அது விட்டுக்கொடுத்ததும் இல்லை, திருப்பித் தருவதும் இல்லை என்று அம்மா சொன்னார். எந்தச் சீட்டும் யாருடையதும் இல்லை, வரிசைதான் என்றார். என் சர்வீசில் அவர் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மிக்கேல் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சட்டம்மா. நான் ஒண்ணும் கூடக் கேக்கல. விட்டது ஒண்ணு. கேக்குறதும் ஒண்ணு."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு, "மூணாம் சுற்றுக்கு வாங்க" என்றார். யார் வந்தாலும் சொல்வதுதான்.

மூன்றாம் சுற்றில் வரலாற்றில் எம்.பி.சி. ஒன்று காலி விழுந்தது. யாரோ பாலிடெக்னிக் போய்விட்டான். ஜெரினுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கூப்பிட்டேன். வரவில்லை. வாசலுக்குப் போய் நின்று மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. ஜெரினைக் கூப்பிட்டேன். வந்தான். உட்கார்ந்தான். ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன். ஏன் வரலாறு என்று அம்மா கேட்டதற்கு, வேறு எதுவும் கிடைக்காது என்று உண்மையைச் சொன்னான். அம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார்.

முன்னால் இருந்தவர்கள் வராததால்தான் கிடைத்தது என்று மிக்கேலிடம் விளக்கமாகச் சொன்னார். மிக்கேல் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவர்மெண்டு மெதுவாத்தான் குடுக்கும் பாய். ஆனா குடுத்துரும்."

ஊரில் போய் அப்படியே சொல்லிவிட்டார். கல்லூரியில் கொடுத்து வைத்த சீட்டைத் திருப்பி வாங்கிவிட்டதாக. இன்னாசி காதுக்குப் போயிருக்கிறது. அவர் மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மார்க்கு எம் மக எடுத்தது என்று சொன்ன ஆள். ஆனால் அவர் வேறு மாதிரிச் சொன்னார். "ஆமா, எம் மக வாங்குன சீட்டு. அவ படிச்சு முடிச்சதும் திருப்பிக் குடுத்துட்டோம். யாருக்கும் பாக்கி வைக்கிற வீடா எங்க வீடு?" திருவிழாவில் இரண்டு பேரும் தேருக்கு ஒரே பக்கம் நின்றார்களாம். கொடுத்தவராக மிக்கேலும், திருப்பிக் கொடுத்தவராக இன்னாசியும்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் ஷீபாவைப் பார்த்தேன். வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் அப்படித்தான் நினைத்திருக்கிறாரா என்று கேட்டேன். அப்படித்தான் என்றாள். ஒரு நாள் வந்து உட்கார வைத்து விவரமாகச் சொல்லட்டுமா என்றேன்.

"சொல்லாதீங்க பாய்" என்றாள். "இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிறாக."

நான் சொல்லவில்லை. மிக்கேலுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிற பேராசிரியர்கள் யாராவது அந்தக் கரைப் பக்கம் போனால், தயவுசெய்து விளக்க வேண்டாம்.